வாயே திறக்காத பெண்ணைச் சாரணியர் அணியில் சேர்க்கலாமா?

வணக்கம் அம்மா. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் சாரணியர் (கேர்ள் கைட்ஸ்) அணியில் சேர வேண்டும் என்கிறாள், அவள் அப்பாவோ சீருடை, முகாம் என்று அலைந்தால் மார்க் போய்விடும் என்கிறார் என எழுதியிருந்தீர்கள். கூடவே, "நாலு பேர் முன்னால் வாயே திறக்க மாட்டாள், இவளுக்கு எதற்குத் தலைமைப் பண்பு?" என்றும் ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது. இப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் நான் முதலில் இதைச் சொல்வேன்.

சாரணியத்தில் ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்தால் ஓர் அணி. அணித் தலைவியும் அவர்களில் ஒருத்திதான். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு வேலை இருக்கும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் பின் பெஞ்சில் ஒளிந்துகொள்ளலாம், ஏழு பேரில் எங்கே ஒளிவது? என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்ணுக்குக் கூடார முளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முதல் முகாமிலேயே இரண்டு முளை குறைந்துவிட்டது. ராத்திரி மழையில் கூடாரத்தின் ஒரு மூலை படபடவென்று அடிக்க, இவள் டார்ச்சோடு வெளியே போய்க் கயிற்றைக் கல்லில் சுற்றிக் கட்டினாளாம். பிற்பாடு கல்லூரி நேர்காணலில் "நீ செய்த ஒரு தவறைச் சொல்" என்றபோது அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

உங்கள் மகள் தானாகக் கேட்டாள் என்பதும் நல்ல விஷயம். இந்த இயக்கமே அப்படிக் கேட்டு வாங்கியதுதான். 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஆண் சாரணர்கள் கூடிய இடத்துக்குச் சில சிறுமிகள் அழைப்பே இல்லாமல் வந்து, நாங்களும் சாரணர்கள்தான் என்று நின்றார்கள். மறு வருடமே, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் பொறுப்பேற்க, பெண்களுக்கென்று தனி இயக்கம் வந்தது. 1912-ல் அமெரிக்காவின் சவானாவில் 18 சிறுமிகளோடு இதைத் தொடங்கிய ஜூலியட் கார்டன் லோவுக்குக் காது ஏறக்குறைய கேட்காது.

சரி, படிப்பு? பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு கூட்டம், இடையிடையே முகாம். பெரிய தேர்வு வரும் வருடத்தில் முகாமைக் குறைத்துக்கொள்ளலாம். அப்பாவிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: சாரணியத்தில் வாங்கிய பேட்ஜைக் காட்டினால் கல்லூரியில் சீட் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் "இருபது பேட்ஜ் பெற்றாள்" என்ற வரியை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. என்ன செய்தாள், எங்கே சொதப்பினாள், எப்படிச் சமாளித்தாள் என்று எழுதினால் படிப்பார்கள். முகாமிலிருந்து வந்த அன்றே நோட்டில் மூன்று வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் மறந்துபோகும்.

சேர்க்கும் முன் ஒரு கூட்டத்தில் போய் உட்காருங்கள். எல்லா முடிவையும் பெரியவரே எடுத்து, பிள்ளைகள் வரிசையில் நின்று சல்யூட் மட்டும் அடிக்கிறார்கள் என்றால் அது வெறும் அணிவகுப்பு. பிள்ளைகளிடம் "போன முகாமில் என்ன கெட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே கதை சொன்னால் நல்ல அணி. பதில் சொல்லுமுன் பொறுப்பாளர் முகத்தைப் பார்த்தால் வேறு அணி தேடுங்கள்.

முகாமில் எத்தனை பெரியவர்கள், பெண் பொறுப்பாளர் இரவும் தங்குவாரா, எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி உண்டா என்றும் கேளுங்கள். இதற்கு மழுப்பினால், எவ்வளவு பேர்பெற்ற அமைப்பானாலும் வேண்டாம்.

இன்னொன்று. முதல் முகாமுக்கு அவள் பையை நீங்கள் அடுக்காதீர்கள். அவசர மருந்து இருந்தால் அதை மட்டும் சரிபாருங்கள். டார்ச்சை மறந்தால் மறக்கட்டும், பக்கத்துப் பிள்ளையிடம் வாய் திறந்து கேட்கட்டும்.