சிங்கப்பூர் வரலாறு, அரசாங்கம் பற்றி உயர்நிலை ஒன்று புராஜெக்ட்: எங்கே ஆரம்பிப்பது?

மகளின் புராஜெக்ட்டுக்கு எங்கே தொடங்குவது, இணையத்தில் எதைப் பார்த்தாலும் ஒரே தேதிப் பட்டியலாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேதிகளை விடுங்கள், முதலில் ஒரு கேள்வியைப் பிடிக்கச் சொல்லுங்கள். லீ குவான் இயூ 1959லேயே பிரதமர். அப்படியென்றால் 1965ல் என்னதான் மாறியது? பிள்ளைகள் அதிகம் குழம்பும் இடம் இதுதான், எழுத நிறைய கிடைப்பதும் இங்கேதான். 1959ல் கிடைத்தது உள்நாட்டுத் தன்னாட்சி மட்டும். பாதுகாப்பும் வெளியுறவும் பிரிட்டன் கையில் இருந்தன. 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியாவோடு இணைந்ததும் அவை கோலாலம்பூருக்குப் போயின. 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்த பிறகுதான் எல்லாம் நம் கைக்கு வந்தன.

அப்புறம், தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துக்குப் போங்கள். பழைய நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம், தமிழ் முரசும் அதில் உண்டு. பிரிவினைக்கு மறுநாள் வந்த ஆங்கில, தமிழ்ப் பத்திரிகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது தலைப்பு, எந்தச் செய்தி எங்கே இருக்கிறது என்று அவளே குறித்துக்கொள்ளட்டும். கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்து எழுதும் பத்துப் பத்திகளைவிட இது மேல் என்பது என் உறுதியான கருத்து.

அரசாங்கப் பகுதி சுலபம். அதிபர் நாட்டின் தலைவர், பிரதமர் அரசாங்கத்தின் தலைவர். அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கும் முதல் தேர்தல் 1993ல் நடந்தது. அதுவரை நாடாளுமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. இந்த மாற்றம் ஏன் என்று ஒரு பத்தி எழுதினால் போதும். அன்றைய விவாதங்கள் நாடாளுமன்ற இணையத்தளத்திலேயே இருக்கின்றன.