பத்தாயிரம் ஏக்கர் கணக்கு

கேள்வி: 2015-ல் 111 நிலத்திட்டுகளை வங்கதேசத்திடம் கொடுத்துவிட்டு 51-ஐ மட்டுமே இந்தியா வாங்கிக்கொண்டது. பத்தாயிரம் ஏக்கர் நஷ்டம். கச்சத்தீவைப் போல இதுவும் தாரைவார்ப்புதானே? – ஒரு வாசகர், தேனி

பதில்: கொடுத்தது 17,160 ஏக்கர், பெற்றது 7,110 ஏக்கர், உங்கள் கழித்தல் சரிதான். ஆனால் ஒரு நாட்டின் ஆட்சிப்பரப்பு என்பது பட்டாவில் எழுதப்பட்ட ஏக்கர் அன்று. அரசின் சட்டமும் காவலும் பள்ளிக்கூடமும் வாக்குப்பெட்டியும் எங்கே போய்ச் சேர்கின்றனவோ அந்த நிலமே அதன் ஆட்சிப்பரப்பு. வங்கதேச மண்ணால் சூழப்பட்டுத் துண்டுதுண்டாகக் கிடந்த அந்த 111 இந்தியத் திட்டுகளுக்கு இவற்றில் எது போய்ச் சேர்ந்தது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இன்றைய மேற்கு வங்கத்தின் வடக்கே இருக்கும் கூச் பிகாரின் அரசருக்கும் வங்கத்து முகலாய ஆட்சியாளர்களுக்கும் இடையே 1713-ல் ஏற்பட்ட சமாதானத்தில், ஒருவர் எல்லைக்குள் மற்றவருடைய ஊர்கள் அப்படியே தங்கிவிட்டன. சதுரங்கத்தில் பந்தயம் வைத்துத் தோற்ற ஊர்கள் என்று சொல்லப்படுவது கட்டுக்கதை. அந்தச் சிதறலால் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய துன்பம் ஏதுமில்லை. புதுச்சேரியின் காரைக்கால் கடலூரையும் சிதம்பரத்தையும் தாண்டித்தான் இருக்கிறது. அங்கே போக எவரும் விசா கேட்பதில்லை, ஏனென்றால் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் இறையாண்மை ஒன்றே. சித்மகால்கள் என்று அழைக்கப்பட்ட இந்தத் திட்டுகளோ 1947-ன் பிரிவினையாலும் 1949-ல் கூச் பிகார் இந்தியாவில் இணைந்ததாலும் இரு நாடுகளின் நிலமாகிவிட்டன. 1952-ல் கடவுச்சீட்டும் விசாவும் வந்ததும் கதவு முழுவதுமாகச் சாத்தப்பட்டது. தன் சொந்த நாட்டுக்குப் போக ஒருவர் அயல்நாட்டு மண்ணை மிதித்தாக வேண்டும். அதற்கு விசா வேண்டும். விசா பெறும் அலுவலகத்துக்குப் போவதற்கே சட்டவிரோதமாக எல்லை கடக்க வேண்டும். இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத் திட்டுகளின் நிலையும் இதுவே: பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பக்கத்து இந்தியக் கிராமத்தவர் ஒருவரைத் தகப்பன் என்று எழுதிக் கொடுத்தார்கள். பெற்ற தகப்பனின் பெயரைப் பதிவேட்டில் எழுத முடியாத நிலையில் மனிதர்களை வைத்துக்கொண்டு, அந்த மண் எங்களுடையது என்று உரிமை பேச எந்த அரசுக்கும் அருகதை இல்லை. நஷ்டக் கணக்குப் போடும் எவரும் இரு பக்கத் திட்டுகளிலும் வாழ்ந்த இந்த ஐம்பதாயிரம் பேரை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம்.

இதில் கண்டிக்கத்தக்கது கொடுத்தது அன்று, கொடுப்பதற்கு எடுத்துக்கொண்ட காலம். இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் 1974 மே மாதம் திட்டுகளை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வங்கதேசம் அந்த ஆண்டே அதற்கு ஒப்புதல் அளித்தது. இந்தியாவுக்கோ 2015 வரை, 41 ஆண்டுகள் தேவைப்பட்டன. கடைசியில் 100-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இரு அவைகளிலும் எதிர்ப்பின்றி நிறைவேறி, அந்த ஜூலை 31 நள்ளிரவில் திட்டுகள் கைமாறின. எந்தக் குடியுரிமை வேண்டும் என்று மக்களிடமே கேட்கப்பட்டது. வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் திட்டுகளிலிருந்து இந்தியாவைத் தேர்ந்து வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. மற்றவர்கள் தாங்கள் உழுத நிலத்திலேயே இருந்துகொண்டார்கள். இந்தியாவுக்குள் இருந்த திட்டுகளிலிருந்து எவரும் வங்கதேசம் போக விரும்பவில்லை.

கச்சத்தீவோடு இதை நீங்கள் சேர்த்துப் பேசுவது சரியன்று. மேற்கு வங்கத்தின் பேருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானுக்குப் பிரித்துக் கொடுக்க நேரு உடன்பட்டபோது, இந்திய நிலத்தை அயல்நாட்டுக்கு விட்டுக்கொடுக்க அரசியலமைப்பைத் திருத்தியே ஆக வேண்டும் என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. சித்மகால்கள் அந்த வழியில்தான் போயின. அதே 1974-ல், ஜூன் மாத ஒப்பந்தத்தில் இலங்கை வசமான கச்சத்தீவுக்கோ எந்தத் திருத்தமும் கொண்டுவரப்படவில்லை. உரிமை முடிவாகாத தீவு, ஆகவே விட்டுக்கொடுத்தல் என்ற பேச்சே எழவில்லை என்பது மத்திய அரசின் வாதம். இராமநாதபுரம் ஜமீனின் ஆவணங்களைக் காட்டி அதை மறுப்பது தமிழ்நாட்டின் வாதம். மீன்பிடிக்கும் மக்களை ஒரு வார்த்தை கேட்காமல் கோடு கிழித்தார்கள் என்ற குறை அங்கே உண்டு, அதைக் கேட்க நமக்கு முழு உரிமையும் உண்டு. மக்களிடம் கேட்டு முடிக்கப்பட்ட சித்மகால் விவகாரத்தின்மேல் அந்தக் குறையை ஏற்றாதீர்கள்.