வாசகர் கேள்வி – பதில்: வழக்கு முடிந்த பிறகும் நிற்கும் பெயர்

கேள்வி: என் தம்பி வேலை பார்த்த இடத்தில் நடந்த பண மோசடி தொடர்பாக, ஆறு ஆண்டுகளுக்கு முன்பு பினாங்கு நீதிமன்றம் ஒன்றில் அவன்மீதும் வேறு மூவர்மீதும் குற்றம் சாட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அரசுத் தரப்பு அவன்மீதான வழக்கைத் தொடரவில்லை, அவனுக்கு டி.என்.ஏ.ஏ., அதாவது முழு விடுதலை ஆகாத விடுவிப்பு, கிடைத்தது. அந்த மோசடியைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் இப்போது ஒரு கட்டுரை இருக்கிறது. அதில் தம்பியின் பெயரோடு எங்கள் அப்பாவின் பெயரும் இருக்கிறது. நேர்முகத் தேர்வுக்குப் போகும் இடங்களில் அதைக் காட்டிக் கேட்கிறார்கள். பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தாராளமாகக் கேட்கலாம், சகோதரி. எந்தக் கலைக்களஞ்சியம் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இந்த விஷயத்தில் விரிவாக விதி வகுத்து வைத்திருப்பது விக்கிப்பீடியா என்பதால், அதை வைத்தே சொல்கிறேன்.

2005ஆம் ஆண்டு மே மாதம், ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியா பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகக் கருதப்பட்டது என்று யாரோ ஒருவர் பொய்யாக எழுதி வைத்தார். சீகன்தாலரோ ராபர்ட் கென்னடியிடமே உதவியாளராக இருந்தவர். அந்த வரிகள் நான்கு மாத காலம் யார் கண்ணிலும் படாமல் அங்கேயே கிடந்தன. அவர் அதைப் பற்றி நாளிதழில் எழுதிய பிறகு கிளம்பிய கண்டனத்தை ஒட்டி உருவானதுதான், வாழும் மனிதர்களைப் பற்றி எழுதுவதற்கான தனிக் கொள்கை. குற்றம் சாட்டப்பட்டவர், நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கும்வரை குற்றமற்றவரே என்று அது சொல்கிறது. அவர் பொதுவாழ்வில் இல்லாத சாதாரண மனிதர் என்றால், அப்படியொரு தீர்ப்பு வராத நிலையில் அவர்மீதான குற்றச்சாட்டை எந்தக் கட்டுரையிலும் சேர்க்காமல் விடுவதைப் பற்றித் தீவிரமாக யோசிக்க வேண்டும் என்றும் எழுதுபவர்களுக்குச் சொல்கிறது. இது முழுத் தடை அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் தம்பியின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை.

எதிர்வாதம் எங்கிருந்து வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ.ஏ. என்பது முழு விடுதலைக்குச் சமமாகாத விடுவிப்பு. நமது மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254ஆம் பிரிவின்கீழ், வழக்கைத் தொடரப்போவதில்லை என்று அரசுத் தரப்பு தெரிவிக்கும்போது இது கிடைக்கிறது. அதே குற்றச்சாட்டைப் பின்னொரு நாள் மறுபடியும் கொண்டுவருவதற்குச் சட்டத்தில் வழியுண்டு. ஆகவே "அவர் இன்னும் விடுதலை ஆகவில்லையே" என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். ஆனால் அவர் தண்டிக்கப்பட்டாரா என்றுதான் கொள்கை கேட்கிறது, விடுதலை ஆனாரா என்று கேட்கவில்லை. தண்டனையோ குற்றவாளி என்ற தீர்ப்போ இல்லாத ஒருவர் தம் குற்றமின்மையை ஒரு தொகுப்பாளரிடம் நிரூபித்துக் காட்ட வேண்டிய அவசியமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அப்பாவின் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மைகாட் அடையாள அட்டையில் மகன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே, மகன் என்று பொருள்படும் அனாக் லெலாக்கி என்ற மலாய்ச் சொல்லின் சுருக்கம் நிற்கும். நீதிமன்றக் குற்றப்பத்திரிகையிலும் அப்படியே வரும். அங்கிருந்து செய்திக்கும், செய்தியிலிருந்து கலைக்களஞ்சியத்துக்கும் அது அப்படியே ஏறிவிடுகிறது. இப்படி, எந்த வழக்கிலும் இல்லாத ஒரு பெரியவர், ஒருவேளை உயிரோடுகூட இல்லாதவர், மோசடிக் கட்டுரையில் பெயர் பெற்றுவிடுகிறார். நாளைக்கு உங்கள் தம்பியின் பிள்ளைகள் பள்ளியில் பெயர் எழுதும்போதும், அந்தக் கட்டுரையில் உள்ள தம்பியின் பெயர்தானே தந்தை பெயராக வரும்? இந்த நாட்டுத் தமிழ்ப் பெயர்களைக் கையாளும் எந்தத் தொகுப்பாளரும் இதை நின்று யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

நான் இளம் நிருபராக ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட் நீதிமன்றத்துக்குப் போய்வந்த காலத்தில் ஒரு சம்பவம். சட்டைக் கழுத்தை முகத்துக்குமேல் இழுத்து மூடிக்கொண்டு ஒரு பையன் காவலர் வண்டியிலிருந்து இறங்கினான். மடித்த நாசி லெமாக் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவன் தாயார் வாசலில் நின்றார். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டதை அவனுடைய முழுப் பெயரோடு நான் எழுதினேன். மறுநாள் அச்சில் வந்தது. சில மாதங்கள் கழித்து அவன் விடுவிக்கப்பட்ட நாளில் நான் வேறு வேலையில் இருந்தேன். வேறு யாரும் போகவில்லை. அவன் விடுவிக்கப்பட்டான் என்று எங்கள் ஏட்டில் ஒரு வரிகூட வரவில்லை. அந்தப் பழைய தாள் எங்கோ ஒரு கட்டில் மக்கிக்கொண்டிருக்கும் என்பதில் எனக்கு ஓரளவு ஆறுதல் உண்டு. இன்றைய பையனுக்கு அந்த ஆறுதலும் இல்லை. பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது கலைக்களஞ்சியம்தான்.

இனிச் செய்ய வேண்டியவை. கட்டுரையை நீங்களே திருத்தினால், அவர்கள் மறுபடியும் சேர்க்க, நீங்கள் மறுபடியும் எடுக்க, அது சண்டையாகிவிடும். அதைவிட, முறையீடுகளைக் கவனிக்கும் தன்னார்வலர் குழுவுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். நீங்கள் உறவினர் என்பதை மறைக்காதீர்கள். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் தம்பியின் பெயரை எழுதி முறையிட வேண்டாம். அந்தப் பெயர் அங்கே இன்னொரு பிரதியாகிவிடும். பெயரை எடுத்த பிறகும், பக்கத்தின் வரலாற்றில் பழைய வடிவம் இருக்கும். அதை நிர்வாகிகள் மறைக்க முடியும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். தம்பியின் பெயரைத் தட்டினால் அந்தக் கட்டுரைக்கு இட்டுச்செல்லும் வழிமாற்றுப் பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வழக்குப் போடுவேன் என்று தொடக்கத்திலேயே எழுதாதீர்கள். அப்படி எழுதினால் உங்கள் கணக்கை முடக்கிவிடுவார்கள், பேச்சு அதோடு நின்றுபோகும்.

கேள்வி: நான் ஓய்வு நேரத்தில் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எழுதுகிறேன். நாளிதழ்கள் எல்லாம் பெயரை வெளியிட்ட பிறகு நாங்கள் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? இது குற்றவாளிகளைக் காப்பாற்றுவதாகாதா? – வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நாளிதழின் வேலையும் உங்கள் வேலையும் வேறு. 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம், பகிரங்க நீதிமன்றத்தில் நடந்ததை நேர்மையாகவும் பிழையின்றியும் அந்தந்தச் சமயத்திலேயே வெளியிடும் செய்திக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. இன்று என்ன நடந்தது என்று சொல்லும் கடமை நிருபருக்கு இருக்கிறது. நீங்கள் எழுதுவதோ, பத்து ஆண்டுகள் கழித்து ஒருவர் அந்த நிகழ்வைப் புரிந்துகொள்வதற்காக. அந்தப் புரிதலுக்கு நான்காவது குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் தேவையா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பாருங்கள். மோசடி எப்படி நடந்தது, எவ்வளவு பணம், எந்தக் கண்காணிப்பு தவறியது என்பதை எல்லாம் "கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்" என்று எழுதியே முழுமையாகச் சொல்லிவிடலாம். நிகழ்வு குறிப்பிடத்தக்கதாக இருப்பதால் அதில் சிக்கிய ஒவ்வொருவரும் குறிப்பிடத்தக்கவர் ஆகிவிடுவதில்லை.

பொதுவாழ்வில் இருப்பவர்களுக்கு இந்தத் திரை கிடையாது, கூடவும் கூடாது. முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் மீதான வழக்குகளை, 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிப்பதற்கு முன்பே பெயரோடு எழுதியது சரியே. அவர் வகித்த பதவியே அந்த வழக்கின் மையம். நடுவில் நிற்பவர்கள் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்ற பெயரில் சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பன்னிரண்டு பேர் கைது செய்யப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் அந்தப் பன்னிருவர் மீதான குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். சட்டமன்ற உறுப்பினர்களின் பெயரை எழுதலாம், குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டதை அதே பத்தியில், அதே அழுத்தத்தோடு எழுதுவதாக இருந்தால். மற்றவர்களில் பொதுவாழ்வில் இல்லாதவர்களுக்கு, எண்ணிக்கையே போதும்.

குற்றவாளிகளைக் காப்பாற்றுவதாகாதா என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் தீர்ப்பு வந்த பிறகு பெயர் எழுதுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை. தீர்ப்புக்கு முன்பு நாமே தீர்ப்பு எழுதிவிடுவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். பெயர் கட்டாயம் வேண்டிய இடமும் உண்டு. 2009 ஜனவரியில் சிலாங்கூரில் போலீஸ் காவலில் இறந்துபோன இளைஞர் குகனை இந்நாட்டுத் தமிழர்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சந்தேக நபராகத்தான் அவரைப் பிடித்துப் போனார்கள். ஆனால் அங்கே செய்தி, அவருக்கு நேர்ந்தது. அந்தப் பெயர் மறக்கப்படக் கூடாது என்று போராடியது அவருடைய குடும்பம். 2013இல் உயர் நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட கட்டுரையில் பெயரை எழுதுங்கள், அவர்மீது சுமத்தப்பட்ட சந்தேகத்தை முதல் வரியில் வைக்காமல்.

2009 ஏப்ரலில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் நிர்வாகக் குழு எல்லா மொழித் திட்டங்களுக்கும் ஒரு தீர்மானத்தை அனுப்பியது. வாழும் மனிதர்களைப் பற்றி எழுதும்போது மனித கண்ணியத்தையும் தனியுரிமையையும் கருத்தில் கொள்ளுமாறு அது கேட்டுக்கொண்டது. தமிழுக்கும் அது பொருந்தும். சிறிய சமூகத்தில் எழுதுகிறோம். இங்கே ஒரு பெயரைப் படித்தால், எந்தத் தாமானில் (குடியிருப்பில்) எந்த வீடு என்று தெரிந்தவர் நாலு பேர் இருப்பார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி மாணவர்கள் உள்ளூர் வரலாற்றுக் கட்டுரை ஒன்றைத் தயாரித்தபோது, பழைய அடிதடி வழக்கு ஒன்றில் குற்றம் சாட்டப்பட்ட பதினாறு வயதுச் சிறுவனின் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். பெயரின் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? – ஆசிரியை, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: வேண்டாம், டீச்சர். 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் நீதிமன்ற நடவடிக்கையில் சம்பந்தப்பட்டிருந்தால் அவரது பெயர், முகவரி, படிக்கும் பள்ளி, அவரை அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. முதல் எழுத்தோடு ஊரும் பள்ளியும் ஆண்டும் சேர்ந்தால், அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு ஆள் யார் என்று உடனே தெரிந்துவிடும். எழுத்தையும் பள்ளியையும் இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இணையத்தில் ஏற்றியிருந்தால் பழைய வடிவத்தையும் மறைக்கச் சொல்லி நிர்வாகிக்கு இன்றே எழுதுங்கள்.