இருட்டினால் செத்துப்போகும் கேட் இன்டர்கொம்

ஹப்புத்தளைப் பக்கம் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்தும் தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, ரோட்டோரக் கேட்டிலிருந்து மேலே வீட்டுக்கு 90 மீட்டர் நெட்வேர்க் கேபிள் இழுத்து வீடியோ இன்டர்கொம் போட்டிருக்கிறோம். பகலில் பிரச்சினை இல்லை. மூடுபனி இறங்கி இருட்டினால் படம் ஆடுகிறது, பெல் அடித்தால் அப்படியே செத்துவிடுகிறது. கெமரா கண்ணாடிக்குள் ஆவி வேறு. ஏப்ரலில் ஒன்று, நவம்பரில் ஒன்று என்று 2 அடப்டரும் போய்விட்டது. கடைக்காரர் செட்டையே மாற்றச் சொல்கிறார். மாற்றவா?"

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. நீங்கள் பழியைப் பனிமேல் போடுகிறீர்கள், எனக்கு வயர்மேல்தான் சந்தேகம். இருட்டியதும் கெமராவைச் சுற்றியுள்ள இன்ஃப்ராரெட் லைட்டுகள் தானாக எரிய ஆரம்பிக்கும், பெல் அடித்தால் ஸ்பீக்கரும் சேர்ந்துகொள்ளும். பகலில் சும்மா இருக்கும்போது 0.1 அம்பியர் அளவு இழுக்கிற பெட்டி அப்போது 0.3 அம்பியர் கேட்கிறது என்று வையுங்கள். நெட்வேர்க் கேபிளில் ஒரு இழைக்கு 100 மீட்டருக்கு 9 ஓம் அளவு தடை இருக்கும். போக 90, வர 90, மொத்தம் 180 மீட்டர், அதாவது 16 ஓம். 0.3 அம்பியருக்கு 5 வோல்ட் வழியிலேயே காலி, வீட்டு அடப்டரிலிருந்து 12 வோல்ட் கிளம்பி கேட்டுக்கு 7 வோல்ட்தான் போய்ச் சேருகிறது. அப்புறம் எப்படி பெல் அடிக்கும்?

இதை நம்புவதற்கு முன் நீங்களே அளந்து பாருங்கள். இருட்டிய பிறகு கேட் பெட்டியின் பின்பக்க முனைகளில் வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்துக்கொண்டு, வேறொருவரை பெல்லை அழுத்தச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது அளப்பதில் பிரயோசனம் இல்லை. வயர் முனையைக் கத்தியால் சுரண்டியும் பாருங்கள். செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், தடை இன்னும் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும்.

சரி, என்ன செய்வது? நல்ல செம்புக் கேபிள் என்றால் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. அதில் 8 இழை இருக்கிறது, உங்கள் செட்டுக்கு வேண்டியது 4 (வீடியோ, ஓடியோ, பிளஸ், கிரவுண்ட்). வீடியோவுக்கு ஒன்று, ஓடியோவுக்கு ஒன்று, மீதி ஆறில் மூன்றை ஒன்றாக முறுக்கிப் பிளஸுக்கும் மூன்றை கிரவுண்டுக்கும் கொடுங்கள். வீடியோ இழையோடு ஜோடியாக முறுக்கியிருக்கும் இழை கிரவுண்டாக இருக்கட்டும், படம் சுத்தமாக வரும். 5 வோல்ட் இழப்பு 1.6 வோல்ட்டாகக் குறைந்துவிடும். புதிதாக இழுப்பதாக இருந்தால் கரண்டுக்கு மட்டும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் தனியாக இழுங்கள், இழப்பு 1 வோல்ட்கூட வராது. சிலர் 15 வோல்ட் அடப்டர் மாட்டிப் பார்ப்பார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். பகலில் லோட் குறைந்த நேரம் 13 வோல்ட்டுக்கு மேல் ஏறும், லேபிளில் உள்ள அளவைத் தாண்டினால் பெட்டி சூட்டிலேயே போய்விடக்கூடும்.

பனிக்கும் பங்கு இல்லாமல் இல்லை. வெயிலில் சூடான பெட்டி சாயந்தரம் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியே உள்ள ஈரக்காற்றை இழுத்துக்கொள்கிறது. அதுதான் அந்த ஆவி. பெட்டியின் மேற்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் சிலிகான் அடித்துவிட்டு அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேற வேண்டும். வினிகர் வாசம் அடிக்கிற சிலிகான் வேண்டாம், அது செம்பை அரிக்கும். வயர் கீழிருந்து வளைந்து மேலேறி உள்ளே போகட்டும். பண்டாரவளையில் ஒரு வீட்டு கேட் பெட்டியைத் திறந்தபோது பிளஸ் வயர் பச்சைப் பொடியாக உதிர்ந்தது, பக்கத்திலிருந்த மைனஸ் வயர் புதிது மாதிரி பளபளத்தது. ஈரத்தில் நேர் மின்சாரம் (DC) ஓடினால் பிளஸ் பக்கம்தான் முதலில் கரையும். அந்தப் பெட்டிக்குள் பல்லி முட்டை நான்கு வேறு! ஆளில்லாத நாட்களிலும் பெட்டிக்குக் கரண்டை நிறுத்தாதீர்கள், அந்த இளஞ்சூடுதான் ஈரத்தை விரட்டுகிறது. உயரத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், இந்தச் சாமான்கள் பொதுவாக 2,000 மீட்டர் வரை தாங்கும், நுவரெலியாவே அதற்குள் அடக்கம்.

அடப்டர் போன மாதங்களைப் பாருங்கள்: ஏப்ரல், நவம்பர். இரண்டும் நம் மலையில் இடி மின்னல் காலம். சரிவில் கிடக்கும் 90 மீட்டர் வயர், பக்கத்தில் எங்கோ விழும் மின்னலையும் வாங்கிக்கொண்டு வரும். வயரின் இரண்டு முனையிலும் சேர்ஜ் புரொடெக்டர் (மின்னலால் திடீரென ஏறும் வோல்ட்டை மண்ணுக்குத் திருப்பிவிடும் சாதனம்) போட்டு ஒழுங்காக எர்த் பண்ணுங்கள். எர்த் இல்லாமல் அதை மாட்டுவது வீண் செலவு. இடி வரும்போலிருந்தால், அது தொடங்கும் முன்பே அடப்டரைச் சொக்கட்டிலிருந்து கழற்றி, கேட்டிலிருந்து வரும் வயரின் கனெக்டரையும் கழற்றிவிடுங்கள்; இடி தொடங்கிய பிறகு வயரைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் ரிசீவரைக் காதில் வைத்துப் பேசவும் வேண்டாம். 230 வோல்ட் வயர் போகும் குழாய்க்குள் இதைச் சேர்த்து விட்டிருந்தால் பிரித்துவிடுங்கள், 'ம்ம்ம்' என்ற இரைச்சல் மட்டுமல்ல, ஆளுக்கே ஆபத்து.

கரண்ட் போகும் நேரத்துக்கு 12 வோல்ட் 7 அம்பியர்-அவர் பெட்டரி ஒன்று வீட்டுப் பக்கம் போதும், ஒரு நாளை ஓட்டிவிடும். சார்ஜ் ஆகும்போது அது 13.8 வோல்ட் வரை ஏறும். பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் அந்த 13.8 வோல்ட்டைத் தாங்கும் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.