கார்பன் மோனாக்சைடு அலாரத்தை எங்கே மாட்டுவது? வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரே ஒரு அலாரம்தான் வாங்கியிருக்கிறேன். வீட்டில் எந்த இடம் முக்கியம்?

படுக்கையறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில். விழித்திருப்பவருக்குத் தலைவலியோ கிறுகிறுப்போ வந்தால் ஏதோ சரியில்லை என்று தோன்றும். தூங்குகிறவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. எரிபொருள் அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் வாசனையும் இல்லாத வாயு, தூக்கத்திலேயே ஆளை மயக்கிவிடும். மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டுப் படுங்கள். வெளியே ஒருவர் டெஸ்ட் பட்டனை அழுத்தட்டும். தூக்கத்தைக் கலைக்கும் அளவுக்குச் சத்தம் கேட்கவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். அப்புறம் கையில் காசு சேரும்போது மாடிக்கு ஒன்று, எரிபொருள் எரியும் அறைக்கு ஒன்று என்று சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: இந்த வாயு கனமானது, தரையை ஒட்டி மாட்டுங்கள் என்கிறார் எலக்ட்ரீஷியன். சரியா?

தப்பு. தரையோடு படியும் வாயு எல்பிஜி. அதை நினைத்துச் சொல்லியிருப்பார். கார்பன் மோனாக்சைடின் மூலக்கூறு எடை 28, காற்றின் சராசரி 29. இந்தச் சின்ன வித்தியாசத்தால் அது தனியாக மேலே போய் நிற்காது, கீழேயும் இறங்காது, அறைக் காற்றோடு கலந்துவிடும். ஆனால் நெருப்பிலிருந்து சூடாக வருவதால், அடுப்போ கெய்சரோ இருக்கும் அறையில் முதலில் மேலே ஏறும். அங்கே சீலிங்கில் மாட்டினால் சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி மாட்டுங்கள். சுவரில் என்றால் சீலிங்கிலிருந்து 15 செ.மீ. கீழே, ஆனால் கதவு ஜன்னலின் மேல்விளிம்பைவிட உயரமாக. படுக்கையறைக்குள் வைப்பதானால் படுத்திருப்பவர் மூச்சுவிடும் உயரம் போதும். அலாரத்தோடு வந்த தாளில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

கேள்வி: அடுப்புக்கு நேர் மேலே வைக்கலாமா?

வேண்டாம். பற்றவைக்கும்போது வரும் கொஞ்ச வாயுவுக்கே அடிக்கும். எண்ணெய்ப்புகை சென்சாரைக் கெடுக்கும். பக்கவாட்டில் 1 முதல் 3 மீட்டர் தள்ளி மாட்டுங்கள். ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன், திரைச்சீலை, அலமாரி இவற்றின் பக்கமும் வேண்டாம்.

கேள்வி: குளியலறைக்குள் கேஸ் கெய்சர் இருக்கிறது. அலாரத்தை அங்கேயே மாட்டட்டுமா?

நீராவியில் அலாரம் கெட்டுப்போகும், ஆகவே உள்ளே கூடாது. வெளியே மாட்டினால் உள்ளே குளிப்பவர் மயங்கிய பிறகுதான் அது அடிக்கக்கூடும். இதற்கு அலாரம் தீர்வே இல்லை. மூடிய சிறிய அறையில் கெய்சர் எரியும்போது ஆக்ஸிஜன் குறைகிறது. குறையக் குறைய எரிவாயு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு கூடுகிறது. அதைத்தான் குளிப்பவர் சுவாசிக்கிறார். தயவுசெய்து கெய்சரை வெளியே மாற்றுங்கள். அதுவரை வாளியில் தண்ணீர் பிடித்து, கெய்சரை அணைத்து, கதவைத் திறந்து அறையை நன்றாகக் காற்றாட விட்ட பிறகு உள்ளே போய்க் குளியுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை இன்றே செய்யுங்கள்.

கேள்வி: இன்வெர்ட்டர் பக்கத்தில் மாட்டினேன். எதுவும் எரியாதபோதும் அடிக்கிறது. பழுதா?

இன்வெர்ட்டரின் லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பல கார்பன் மோனாக்சைடு சென்சார்கள் அதற்கும் அசையும். ஆனாலும் நீங்களே அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். கீழ்வீட்டு ஜெனரேட்டரோ கார் நிறுத்துமிடமோ காரணமாக இருக்கலாம். ஆள் வைத்துச் சோதித்து, வேறு காரணம் இல்லை என்று உறுதியான பிறகு அலாரத்தைத் தள்ளி வையுங்கள். பேட்டரி இருக்கும் இடத்துக்கும் காற்றோட்டம் வேண்டும், ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது.

கேள்வி: டெஸ்ட் பட்டன் வேலை செய்தால் போதுமா?

அது பேட்டரியையும் ஒலியையும்தான் காட்டும், சென்சார் தேய்ந்ததைக் காட்டாது. பெரும்பாலானவற்றின் ஆயுள் 5 முதல் 10 ஆண்டு. பின்பக்கம் அச்சிட்ட தேதியைப் பாருங்கள்.

கேள்வி: அலாரம் அடித்தது, அம்மாவுக்குத் தலைவலி. ஆக்ஸிமீட்டர் 98 காட்டியதால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சரிதானே?

இல்லை, உடனே கூட்டிப் போங்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, எனவே 98 என்ற எண்ணை நம்ப முடியாது. கார்பாக்ஸிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின், எவ்வளவு என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். “வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தது” என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். சோதித்துச் சரிசெய்யும்வரை யாரும் அந்த வீட்டில் தூங்க வேண்டாம்.