நட்சத்திரங்கள் விழுமா? - கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் சபையில் மாற்கு சுவிசேஷத்தில் இயேசு கடைசிக் காலத்தைப் பற்றிப் பேசும் 13-ம் அதிகாரத்தை வைத்துப் பிரசங்கம். சூரியன் அந்தகாரப்படும், நட்சத்திரங்கள் விழும் என்பதெல்லாம் அப்படியே நடக்கும் என்றார் போதகர். இயற்பியல் படிக்கும் என் மகள், "நட்சத்திரம் எங்கேப்பா விழும், பூமியைவிடப் பெரிசாச்சே?" என்கிறாள். எழுதினவர்கள் எதை நினைத்து எழுதினார்கள்?

டி.

அன்புள்ள டி.,

மகளிடம் பழைய ஏற்பாட்டில் ஏசாயா தீர்க்கதரிசியின் 13-ம் அதிகாரத்தை எடுத்துக் கொடுங்கள். அங்கேயும் நட்சத்திரங்கள் ஒளி கொடாது, சூரியன் உதிக்கும்போதே இருண்டுபோகும். ஆனால் அது பாபிலோனைப் பற்றியது என்று முதல் வசனமே சொல்கிறது. கவிழ்க்க வருகிறவர்கள் மேதியர் என்று பெயரும் இருக்கிறது. பாபிலோன் கி.மு. 539-ல் பாரசீக அரசன் கோரேசிடம் விழுந்தது. மறுநாளும் சூரியன் உதித்தது. அதற்காக யாரும் ஏசாயாவின் சுருளைத் தூக்கி எறியவில்லை. "குடி முழுகிப்போச்சு" என்று ஒருவர் தலையில் கைவைத்தால் நாம் தண்ணீரையா தேடுகிறோம்?

மாற்கு 13 தொடங்குவதும் ஆலயத்தின் கற்களைப் பற்றிய பேச்சில்தான். அந்த ஆலயத்தை கி.பி. 70-ல் ரோமர் அழித்தார்கள்.

அப்புறம் மிருகங்கள். இந்தத் தரிசனங்களில் மிருகம் என்றால் ஒரு பேரரசு. தானியேல் 7-ன் நான்காம் மிருகம் கிரேக்க அரசு என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அதன் சின்னக் கொம்பு, கி.மு. 167-ல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய கிரேக்க அரசன் நான்காம் அந்தியோகஸ். ஆலயம் அழிந்தபின் எழுதப்பட்ட எஸ்றாவின் நான்காம் நூல் என்ற யூத நூலிலோ, கடலிலிருந்து மூன்று தலைக் கழுகு ஒன்று எழும்புகிறது. அது ரோம். உன் சகோதரன் தானியேல் கண்ட நான்காம் அரசு இதுதான், ஆனால் அவனுக்கு இப்படி விளக்கப்படவில்லை என்று எஸ்றாவுக்குச் சொல்லப்படுகிறது. பழைய தரிசனத்தில் எதிரியை மாற்றுகிறோம் என்பதை ஒளிக்கவே இல்லை பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் எண்ணாக வரும் 666-ம் அந்த வகைதான். எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. ரோமப் பேரரசன் நீரோவை 'நேரோன் கேசர்' என்று எபிரெயத்தில் எழுதி எழுத்துகளின் மதிப்பைக் கூட்டினால் 666 வரும். 'நேரோ' என்று எழுதினால் ஐம்பது குறையும். சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது.

சரி, எல்லாமே உருவகம்தானா? அப்படி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் ஒன்று கடைசிப் போருக்கு எக்காளங்களில் என்ன எழுதவேண்டும் என்றெல்லாம் திட்டம் போடுகிறது. ஆயுதங்களைக் காப்பவரும் உணவு தயாரிப்பவரும் 25 முதல் 30 வயதுக்குள் இருக்கவேண்டுமாம். உருவகத்துக்கு யாராவது வயது வரம்பு வைப்பார்களா? அந்தச் சுருளை எழுதியவர்கள் நிஜமாகவே காத்திருந்தார்கள். கி.பி. 68 வாக்கில் அங்கே வந்தது ரோமப் படை.