வயிற்றில் நரம்புக் கட்டியா? பயாப்ஸி ஊசி குத்தும் முன்...

கேள்வி: வயது 48. முதுகுவலிக்காக எடுத்த ஸ்கேனில், இடது சிறுநீரகத்துக்குக் கீழே முதுகெலும்பை ஒட்டி 6 செ.மீ. கட்டி இருப்பது தெரிந்தது. 'நரம்பு உறைக் கட்டியாக இருக்கலாம்' என்கிறது ரிப்போர்ட். பெட் ஸ்கேனில் அது ஒளிர்ந்ததால் கேன்சரோ என்று பயமாக இருக்கிறது. பயாப்ஸி எடுத்தால் பரவிவிடும் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது?

பதில்: பெட் ஸ்கேனை மட்டும் வைத்துக் கலங்காதீர்கள். ஷ்வானோமா எனப்படும் நரம்பு உறைக் கட்டி சாதுவானது. ஆனாலும் சர்க்கரையை நன்றாக உறிஞ்சுவதால் பெட் ஸ்கேனில் கேன்சரைப் போலவே ஒளிரும்.

இந்தக் கட்டி வயிற்றின் பின்புறம் வருவது அபூர்வம். அங்கே இடம் தாராளம் என்பதால் தொல்லை தராமலே பெரிதாகிவிடும். எம்.ஆர்.ஐ.யில் விளிம்பு தெளிவாகவும், டி2 என்ற வகைப் படத்தில் வெண்மையாகவும், நரம்பு ஒன்று கட்டியைத் தொட்டுச் செல்வது போலவும் தெரிந்தால் ஷ்வானோமா என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் கிட்டத்தட்ட இதே தோற்றத்தில், இதே இடத்தில் பாராகாங்லியோமா என்ற கட்டியும் வரும். கவனம் முதலில் அதன் மேல் இருக்கட்டும்.

அது அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கக்கூடியது. தெரியாமல் ஊசி குத்தினால் ரத்த அழுத்தம் திடீரென எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே பயாப்ஸிக்கு முன், அந்த ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் என்ற பொருளுக்கான பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். ரத்தத்தில் பார்ப்பதானால் 20 முதல் 30 நிமிடம் படுத்திருந்து, படுத்தபடியே கொடுக்க வேண்டும். உட்கார்ந்து கொடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டக்கூடும். சிறுநீரில் பார்ப்பதானால் காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை 24 மணி நேரமும் சேகரிக்க வேண்டும். ஒரு முறை தவறினாலும் கணக்கு கெட்டுவிடும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் முடிவை மாற்றும். சாப்பிடும் மருந்துகளையெல்லாம் சொல்லிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அடுத்து பயாப்ஸி. ஸ்கேன் பார்த்தபடி, வயிற்றறைக்குள் புகாமல் முதுகுப் பக்கமாக எடுத்தால், ஊசிப் பாதையில் செல்கள் பரவுவது மிக அரிது. மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுப்பது இதற்குப் போதாது. கொஞ்சம் நீரும் சில செல்களும்தான் கிடைக்கும். திசுவைத் துண்டாக வெட்டி எடுக்கும் 16 அல்லது 18 கேஜ் (தடிமன் அளவு) கோர் ஊசியால், நீர் கோத்த பகுதியை விட்டுக் கெட்டியான பகுதியிலிருந்து பல துண்டுகள் எடுக்க வேண்டும். கட்டியின் வகையைக் காட்டும் எஸ்100, சாக்ஸ்10 சாயங்கள் எல்லாச் செல்களிலும் அடர்த்தியாக ஏறினால் ஷ்வானோமா என்ற முடிவு உறுதிப்படும். திட்டுத்திட்டாக ஏறி, செல் பிளவும் அதிகமாக இருந்தால் நரம்பு உறையின் கேன்சரை நினைக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: பல ஆண்டு பழைய ஷ்வானோமாவில் செல்களின் உட்கருக்கள் பெருத்து, கோணல்மாணலாக இருக்கும். அதைப் பார்த்துக் கேன்சர் என்று எழுதிவிடுவதும் உண்டு. ரிப்போர்ட்டில் குழப்பம் இருந்தால் ஸ்லைடோடு பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசு) வாங்கி, மென்திசுக் கட்டிகளில் பழக்கமுள்ள பேத்தாலஜிஸ்டிடம் (திசுப் பரிசோதனை மருத்துவர்) காட்டுங்கள்.

ஷ்வானோமாதான் என்று உறுதியாகி, தொல்லையும் இல்லையென்றால் ஆபரேஷனுக்கு அவசரமில்லை. 6 மாதத்தில் ஓர் எம்.ஆர்.ஐ., பிறகு ஆண்டுக்கு ஒன்று எனக் கண்காணிக்கலாம். எடுப்பதானால் எந்த நரம்பிலிருந்து வந்தது என்று கேளுங்கள்; தொடை நரம்பானால் முழங்காலை நீட்டும் வலு குறையக்கூடும். உறையைத் திறந்து கட்டியை மட்டும் எடுத்தால் நரம்பு பிழைக்கும். சார்கோமா எனப்படும் மென்திசுக் கேன்சரில் அப்படிச் செய்தால் கேன்சர் மிச்சம் தங்கிவிடும். அதனால்தான் கட்டியின் வகை தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது என்கிறோம். தூங்கவிடாத வலி, வேகமான வளர்ச்சி, காலில் புதிதாகப் பலவீனம் இருந்தால் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எண்டோஸ்கோபியில் இரைப்பைச் சுவரில் ஒரு புடைப்பு தெரிந்தது. பயாப்ஸி 'நார்மல்'. மறுபடியும் எடுக்கச் சொல்வது ஏன்?

பதில்: சாதாரண எண்டோஸ்கோபி கிள்ளி எடுப்பது இரைப்பையின் உள்படலத்தை மட்டும். புடைப்பு அதற்குக் கீழே தசை அடுக்கில் இருக்கிறது. ஆகவே அந்த 'நார்மல்' கட்டியைப் பற்றியதே அல்ல. எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் வழியாக ஊசி செலுத்தித் திசு எடுக்க வேண்டும். ஜிஸ்ட் என்ற கட்டியும் ஷ்வானோமாவும் அங்கே ஒன்றுபோலவே தெரியும். சிடி117, டாக்1 சாயங்கள் ஏறினால் ஜிஸ்ட். அவை ஏறாமல் எஸ்100 ஏறினால் ஷ்வானோமா. ஜிஸ்ட் பரவக்கூடியது, அதற்கென மாத்திரையும் உண்டு. ஷ்வானோமாவுக்கு அது தேவையில்லை. பக்கத்தில் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தாலும் பயப்பட வேண்டாம். இரைப்பை ஷ்வானோமாவில் பரவல் இல்லாமலேயே அவை வீங்குவதுண்டு.